வாடகைக்கு வந்த சுவர்

எங்கள் ஊரில் உயரத்தில் ஏறுகிறவனைச் சுடுவார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்களிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான். அவர்கள் சிரித்தார்கள்.

துறைமுகத்தைச் சுற்றிப் படை முகாம். முகாமைச் சுற்றி மதில். மதிலில் சென்றி, துவக்கோடு நிற்கிறவனின் காவல் கூண்டு. சென்றியில் நிற்கிறவன் எங்களை மேலிருந்து பார்க்கலாம், நாங்கள் அவனை மேலிருந்து பார்க்கக் கூடாது. அப்படி ஒரு சட்டத்தை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. அடித்துப் பழக்கினார்கள். ஓர்ஸ் ஹில் பக்கம் மாடி கட்டியவர்கள் கடற்பக்க யன்னல்களைத் தாங்களே கல் வைத்து அடைத்தார்கள். ரிவி அன்ரனாவைத் திருப்ப ஓட்டில் ஏறிய ஒருவரை இறக்கி, அவருடைய முற்றத்திலேயே, மனைவி பிள்ளைகள் பார்க்கப் பல் உதிர அடித்தார்கள். எங்கள் ஒழுங்கையில் தேங்காய் பறிக்க ஏறிய மனிதர் ஒருநாள் குலையோடு சேர்ந்து விழுந்தார். சூடு பட்டது காலில்தான். விழுந்ததால்தான் செத்தார். ஆகவே அவரை யாரும் சுட்டுக் கொல்லவில்லை என்று முடித்துவிட்டார்கள்.

நான் வாடகைச் சாமான் கடை வைத்திருந்தேன். கதிரை, கூடாரம், ஒலிபெருக்கி, ஜெனரேற்றர். கலியாணமோ செத்த வீடோ, யார் வந்து உட்கார்ந்தாலும் கதிரை என்னுடையது. என் தம்பி என்னோடு வேலை செய்தான். கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டுவது அவன்தான். பூனை மாதிரி ஏறுவான். ஆனால் துறைமுக வீதியில் ஒரு கம்பத்தில் ஏறுவதென்றால் அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சேட்டைக் கழற்றிக் கீழே வைக்க வேண்டும். சென்றியைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்ட வேண்டும். அவன் தலையை ஆட்டிய பிறகு, முகத்தை ஊர்ப் பக்கமும் முதுகை முகாமின் பக்கமும் வைத்து ஏற வேண்டும். மேலே போன பிறகும் திரும்பிப் பார்க்கக் கூடாது. தேங்காய் பறிக்கிறவர்கள், கரண்ட் வேலை செய்கிறவர்கள், கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏறினார்கள். வெறும் முதுகைக் கண்டால் சுட மாட்டான் என்பது எங்கள் நம்பிக்கை. பெரும்பாலும் அது சரியாகத்தான் இருந்தது.

சமாதானம் என்று பெயர் வைத்த காலம் அது. காலையில் வீதியில் கிளைமோர்க் கண்ணிவெடி வெடிக்கும், பின்னேரம் அதே வீதியில் இசை நிகழ்ச்சி நடக்கும். சமாதானம் வந்ததோ இல்லையோ, கைத்தொலைபேசிக் கம்பனிகள் வந்தன. அப்படி ஒரு கம்பனிதான் அந்தச் சுவரைக் கொண்டுவந்தது.

காரணம் நல்ல காரணம்தான். தம்பலகாமத்தில் ஒரு முன்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சத்துமா வைத்திருந்தார்கள். மா வாசத்துக்கு வந்த யானை கட்டடத்தையே இடித்துத் தின்றுவிட்டுப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கட்ட எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்று காசு சேர்த்தது. சங்கத் தலைவர் மருந்துக் கடை வைத்திருந்தவர். கோட் போட்ட யாரைக் கண்டாலும் எழும்பி நிற்கிற ஆள். கொழும்பில் ஏறு சுவர் ஒன்று வாடகைக்கு விடுகிறார்களாம், கம்பனி அதை எடுத்துத் தருமாம், மேலே ஏறி முடிக்கிற ஒவ்வொருவருக்கும் கம்பனி முன்பள்ளிக்கு இவ்வளவு என்று கொடுக்குமாம். தலைவருக்குத் தலைகால் தெரியவில்லை. கதிரை, கூடாரம், ஒலிபெருக்கிக்கு என்னிடம் வந்தார்.

இடம் துறைமுகத்தை ஒட்டிய மைதானம். சுவர் வந்தபோது சுவர் மாதிரியே இல்லை. ஒரு நீளமான ட்ரெயிலரில் கவிழ்த்துப் போட்ட வள்ளம் மாதிரிப் படுத்துக் கிடந்தது. கல் நிறத்தில் பைபர் கிளாஸ். அதில் கையால் பிடிக்கவும் காலை வைக்கவும் மஞ்சளும் சிவப்புமாகக் குமிழ்கள் பூட்டியிருந்தார்கள். காலையில் முகாமிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தான். பிரம்பால் தட்டினான். கீழே குனிந்து பார்த்தான். விளையாட்டுச் சாமான் என்று சொன்னார்கள். சரி என்று விட்டுப் போனான். அவன் பார்த்தது படுத்த சுவரை. நிமிர்த்தினால் அது முகாம் மதிலை விட உயரம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நான் தலைவரிடம் கேட்டேன். 

"அவர் கேக்கேல்லைத்தானே பிள்ளை," என்றார். "கேக்காததை நாங்களா போய்ச் சொல்லுறது?"

கம்பனியிலிருந்து வந்தவன் கொழும்புத் தமிழன். கழுத்துப்பட்டி, கறுப்புக் கண்ணாடி. சுவரை இயக்க அவனோடு ஒரு சிங்களப் பொடியன் வந்திருந்தான், தெற்கே காலி நகரப் பக்கத்தவன், நல்ல வேலைகாரன். என் தம்பியும் அவனும் சேர்ந்து ட்ரெயிலரை நிறுத்தினார்கள். குமிழ்கள் இருக்கிற பக்கத்தைக் கடலையும் முகாமையும் பார்க்க வைத்தான் தம்பி. அப்படி வைத்தால்தான் ஏறுகிறவனின் முதுகு முகாமின் பக்கம் இருக்கும். சனம் கடற்கரைப் பக்கம் நின்று பார்க்கட்டும் என்று கதிரைகளையும் அங்கேயே போட்டோம்.

கம்பனிக்காரன் வந்து பார்த்தான். "யார் இப்படி வைக்கச் சொன்னது?"

"நான்தான்," என்றேன்.

"மிஸ், விளம்பர போர்ட் எல்லாம் இந்தப் பக்கம் இருக்கு. ரோட்டுக்குத் தெரிய வேணாமா? நாங்க என்ன, முகாம்காரனுக்கா சிம் விக்க வந்திருக்கோம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் முறையைச் சொன்னேன். முதுகு, சேட்டு, கையை விரிப்பது எல்லாவற்றையும். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டான். 

"இப்ப சமாதானம் மிஸ். நீங்க இன்னும் பழைய காலத்திலயே இருக்கீங்க."

"நீங்கள் பின்னேரம் கொழும்புக்குப் போயிடுவியள். நாங்கள் இஞ்சதான் கிடக்கிறது."

தலைவர் இடையில் விழுந்தார். "பிள்ளை, வந்த இடத்தில அவையோட சண்டை பிடிக்காதை. அவர் சொல்லுறபடி திருப்பி விடு."

தம்பியும் சொன்னான், "விடுங்கோ அக்கா. பெமிஷன் எடுத்துத்தானே செய்யினம்."

ட்ரெயிலரைத் திருப்பினார்கள். கதிரைகளை எல்லாம் தூக்கி வீதிப் பக்கம் போட்டோம். பொத்தானை அழுத்தினான் காலிப் பொடியன். சுவர் முனகிக்கொண்டு எழும்பியது. எழும்பி முடிய, அதன் தலை மதிலுக்கு மேலே போயிருந்தது. சென்றியில் நின்றவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்ததை நான் கண்டேன். 

முதலில் ஒருவன் ஏறிக் காட்ட வேண்டும். ஏறத் தெரிந்தவன் தம்பிதான். சேட்டைக் கழற்றப் போனான். கம்பனிக்காரன் தடுத்து, கம்பனியின் மஞ்சள் ரீசேட்டைக் கொடுத்தான். ஹெல்மெட் மாட்டினார்கள். இடுப்பிலும் தொடையிலும் வார் கட்டி, மேலிருந்து வருகிற கம்பியைக் கொளுவினார்கள். அந்தக் கம்பி ஏற ஏறத் தன்பாட்டில் சுருண்டுகொள்ளும், கையை விட்டால் ஆளை மெதுவாக இறக்கும், விழவே விட மாட்டாது என்று காலிப் பொடியன் எனக்குக் கையால் செய்து காட்டினான். அதன் பிறகு கம்பனிக்காரன் ஒரு கைத்தொலைபேசியை எடுத்துத் தம்பியின் மார்பில் தொங்கவிட்டான்.

"இது என்னத்துக்கு?"

"உச்சிக்குப் போனதும் மணி அடிக்கணும். அங்க இருந்தே வீட்டுக்கு ஒரு கோல் எடுக்கணும். உச்சியிலிருந்து ஓர் அழைப்பு! அதுதான் மிஸ் எங்க விளம்பரமே."

முகாமைப் பார்த்தபடி, மதிலுக்கு மேலே, தமிழ்ப் பொடியன் ஒருவன் கையில் போனோடு நிற்கப் போகிறான். போனால் குண்டு வெடிக்க வைக்கிறார்கள் என்று சோதனைச்சாவடிகளில் போனைப் பறித்து உடைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "இவன் ஏற மாட்டான். வேணுமெண்டா நீ ஏறு," என்றேன். கம்பனிக்காரன் தலைவரைப் பார்த்தான். தலைவர் என் கையைப் பிடித்து விலக்கினார். தம்பி ஏறிவிட்டான். அவனுக்கு அந்தச் சுவரில் ஆசை. கம்பத்தையும் மரத்தையும் தவிர வேறொன்றிலும் ஏறாதவன்.

ஏறினான். சனம் கைதட்டியது. மேலே போய் மணியை அடித்தான். ஒரு கையால் குமிழைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போனைக் காதில் வைத்தான். அவன் தலை சுவருக்கு மேலே தெரிந்தது. எங்கள் வீட்டில் அம்மா போனை எடுத்தா; கதைத்தது இதுதான் என்று பிறகு சொன்னா.

"அம்மா, நான் எங்க நிக்கிறன் சொல்லுங்கோ பாப்பம்?"

"எங்கயடா?"

"மேல. கப்பலெல்லாம் தெரியுது."

"இறங்கடா மூதேவி! சுடப் போறான்!"

அம்மா சொல்லி வாயை மூடவில்லை, முதல் சூடு விழுந்தது.

சுவரின் மேல் மூலை தெறித்தது. பைபர் கிளாஸ் துண்டுகள் மழை மாதிரிச் சனத்தின் மேல் விழுந்தன. அடுத்த சூடு, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணின் கன்னத்தைத் துளைத்து வந்தது. சனம் கதிரைகளை மிதித்துக்கொண்டு ஓடியது. தம்பி கையை விட்டுவிட்டான். அவன் தொபுக்கென்று விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அந்த நேரம் நினைத்தேன். கம்பி விழ விடவில்லை. அவன் சுவருக்கும் வானத்துக்கும் நடுவில் மஞ்சள் ரீசேட்டோடு தொங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவது போல மெதுவாக, மெதுவாக வந்தான். குண்டு துளைக்கிற சுவருக்கு இந்தப் பக்கம் தொங்குகிறான், நான் கீழே நின்று கத்துகிறேன், அந்த இயந்திரத்துக்கு அவசரமே இல்லை.

காலிப் பொடியன் மட்டும் ஓடவில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சுவருக்கு அங்கால், முகாமின் பக்கம் ஓடிப்போய் நின்று, "வெடி தியன்ன எப்பா! வெடி தியன்ன எப்பா!" என்று கத்தினான். சுடாதே, சுடாதே என்று. சிங்களத்தில் கத்தியதால்தான் சூடு நின்றது. தமிழில் நான் கத்தியதும் அதேதான்.

சூடு நின்றதும் முகாமிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கையில் பொல்லு, துவக்கு. ஓட முடியாமல் நின்றவர்களையெல்லாம் அடித்தார்கள். என் கதிரைகளைத் தூக்கி என் வேலையாட்களுக்கே அடித்தார்கள். எனக்குத் தோளில் விழுந்தது. நாலைந்து பேர் சுவருக்குக் கீழே வந்து அண்ணாந்துகொண்டு காத்து நின்றார்கள். அந்த இயந்திரம் என் தம்பியைப் பக்குவமாக இறக்கி அவர்களின் கையில் கொடுத்தது.

வாரைக் கழற்றவும் விடவில்லை. கம்பியில் கட்டியிருந்த நிலையிலேயே அடித்தார்கள். அவன் விழுந்தால் கம்பி தூக்கி நிறுத்தியது, நிறுத்த நிறுத்த அடித்தார்கள். போன் இருந்த பக்கத்துக் காதில் ஒருவன் துவக்குப் பிடியால் இடித்தான். திரும்பவும் அதே காதில் இடித்தான். "யாருக்கு சொல்றது? யாருக்கு சொல்றது?" என்று ஒருவன் உடைந்த தமிழில் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு என்றான் தம்பி. அதற்கும் அடித்தார்கள். போன் தரையில் கிடந்தது. அது இன்னும் அணையவில்லை. அம்மா வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறா.

காலையில் பிரம்பால் தட்டிய அதே அதிகாரி வந்தான். கம்பனிக்காரனைக் கூப்பிட்டு, இவன் உங்கள் ஆளா என்று சிங்களத்தில் கேட்டான். கம்பனிக்காரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். கண் வெளிறிப் போயிருந்தது. 

"எங்க ஆள் இல்ல சேர். கதிரைக் கடை ஆள். யாரென்றே தெரியாது."

அவனும் சிங்களத்தில்தான் சொன்னான். கதிரைக் கடைக்காரிக்குச் சிங்களம் விளங்காது என்று நினைத்திருப்பான்.

தம்பியை ட்றக்கில் எறிந்து கொண்டுபோனார்கள்.

அப்படிப் போன எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். போன அன்றே எடுத்தால் எடுக்கலாம். இரண்டு இரவு போனால் கொழும்புக்கு மாற்றிவிட்டோம் என்பார்கள். அதற்குப் பிறகு, இந்தப் பெயரில் ஒருவரையும் பிடிக்கவில்லை என்பார்கள். அம்மா வெறும் காலோடு ஓடி வந்தா. இரண்டு பேரும் முகாம் வாசலுக்குப் போனோம். வாசலில் நின்றவன் துவக்கு முனையை அம்மாவின் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். அம்மா விழுந்தா. எழும்பித் திரும்பவும் போனா. திரும்பவும் தள்ளினான். பொலிசுக்குப் போனோம். முகாமில் கேள் என்றார்கள். சங்கத் தலைவரின் கடைக்குப் போனேன். பகலிலேயே பலகை போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே ரேடியோ பாடியது.

பலகையை உதைத்தேன். "வெளியில வாங்கோ! என்ர தம்பியைக் குடுத்திட்டு உள்ளுக்கை ஒளிச்சிருக்கிறியளோ?"

ரேடியோவை நிறுத்தினார். கதவைத் திறக்கவில்லை.

திரும்பி மைதானத்துக்கு வந்தேன். சுவரைப் படுக்க வைத்து, லொறியில் ட்ரெயிலரைக் கொளுவிக்கொண்டிருந்தார்கள். இருட்டுவதற்குள் கந்தளாய் தாண்டிவிட வேண்டும் என்று கம்பனிக்காரன் பறந்துகொண்டிருந்தான். அடுத்த கிழமை கொழும்பில் பெரிய கடையொன்றுக்கு இந்தச் சுவர் போக வேண்டுமாம். நாட்டில் இருப்பது இது ஒன்றுதானாம். அவன் போனில் யாரிடமோ அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பின்னால் நின்று கேட்டேன். 

என் மண்டைக்குள் ஒரு விஷயம் அப்போதுதான் தெளிந்தது. எனக்காக இந்த நாட்டில் ஒரு போனும் அடிக்காது. இந்தச் சுவருக்காக அடிக்கும்.

கதிரை ஏற்றுகிற என் இரண்டு ஆட்களையும் கூப்பிட்டேன். ஒருவனுக்கு மண்டை உடைந்து துணி கட்டியிருந்தது. "ட்ரெயிலரின்ர சில்லைக் கழட்டுங்கோ," என்றேன். ஜாக்கி எங்களிடம் இருந்தது. அந்த நட்டுக்கு எங்கள் சாவி பொருந்தவில்லை. காலிப் பொடியன் எங்களைப் பார்த்தான். தன் பெட்டியிலிருந்து சரியான சாவியை எடுத்துப் புல்லில் போட்டுவிட்டு, ஒன்றுக்குப் போகிறவன் மாதிரி மதிலோரம் போனான்.

சில்லுகளைக் கதிரை ஏற்றி வந்த ரக்ரரில் ஏற்றிக் கடைக்கு அனுப்பிய பிறகுதான், வீதிப் பக்கம் போனில் கத்திக்கொண்டிருந்த கம்பனிக்காரன் திரும்பிக் கண்டான். 

"ஏய், என்ன இது? உனக்குப் பைத்தியமா?"

நீங்கள், மிஸ் எல்லாம் போய்விட்டது. நான் இரும்புச் சாவியைக் கையில் வைத்திருந்தேன்.

"என்ர தம்பி வெளியில வந்தால் உன்ர சுவர் வெளியில போகும்."

"அது என் கையிலயா இருக்கு? நான் பொலிசைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. நான் மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்திப்போட்டு இஞ்சயே நிப்பன். பைபர் கிளாஸ் நல்லா எரியும், வள்ளம் எரிஞ்சு பாத்திருக்கிறன்."

"அக்கா, நானும் தமிழன்தான் அக்கா. எனக்கும் பயம் இருக்காதா?"

"தமிழன் எண்டால் அந்த அதிகாரியிட்டைப் போய்ச் சொல்லு, இவன் எங்கட ஆள், எங்கட போன், நாங்கள்தான் ஏத்தினனாங்கள் எண்டு. ஆரெண்டே தெரியாது எண்டு சொன்னியே, எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ?"

அவன் கையை நீட்டி என்னைத் தள்ளப் பார்த்தான். சாவியால் அவனுடைய முழங்கையில் ஒன்று போட்டேன். கத்திக்கொண்டு உட்கார்ந்தான். அன்று முழுவதும் எங்களுக்கு விழுந்த அடியில் நாங்கள் திருப்பிக் கொடுத்தது அந்த ஒன்றுதான். அது விழ வேண்டிய ஆளுக்கு விழவில்லை என்று எனக்குத் தெரியும். விழ வேண்டியவர்கள் துவக்கு வைத்திருந்தார்கள்.

உட்கார்ந்தபடியே அவன் போன் எடுத்தான். தன் பெரியவரிடம் கதைத்தான். பெரியவர் இன்னொரு பெரியவரிடம் கதைத்திருக்க வேண்டும். இரவு நானும் அம்மாவும் சில்லில்லாத ட்ரெயிலரில் சாய்ந்துகொண்டு இருந்தோம். ஊரடங்கில் வெளியில் இருந்ததற்கு ரோந்து வந்தவர்கள் உதைத்தார்கள். எழும்பவில்லை. மறுநாள் பகல் கம்பனி வான் முகாமுக்குள் போனது. எங்களுக்கு ஒரு நாளும் திறக்காத அந்தப் படலை, ஒரு சுவருக்காகத் திறந்தது. வான் திரும்பி வரும்போது பின் இருக்கையில் தம்பி இருந்தான்.

முகத்தைப் பார்த்து அடையாளம் பிடிக்க முடியவில்லை. மஞ்சள் ரீசேட் கறுத்துக் காய்ந்திருந்தது. வலது கை விரல்களை மடக்க ஏலாது. இடது காது வீங்கி மூடிப்போயிருந்தது, அதிலிருந்து தண்ணீரும் இரத்தமுமாக வடிந்தது. அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு, "உன்னை இறங்கெண்டு சொன்னனான்தானே, சொன்னனான்தானே," என்று அவனுடைய தோளிலேயே அடித்தா.

நான் சொன்ன சொல்லை மாற்றவில்லை. சில்லுகளைக் கொண்டுவரச் சொன்னேன். காலிப் பொடியன் பூட்டினான். பிறகு துளையிடும் இயந்திரத்தை எடுத்து, விளம்பரப் பெண்ணின் கன்னத்தில் விழுந்த ஓட்டையின் மேல் ஒரு சிவப்புக் குமிழை வைத்துப் பூட்டத் தொடங்கினான். கம்பனிக்காரன் சொன்ன வேலை. ஓட்டையோடு கொழும்புக்குக் கொண்டுபோக ஏலாதாம்.

இயந்திரம் கிர்ரென்று இரைந்தது. கதிரையில் இருந்த தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான். சுவர் அவனுக்கு இடப்பக்கம் இருந்தது. அவன் வலப்பக்கம், ஒன்றுமே இல்லாத வெறும் வீதியைப் பார்த்தான்.

"என்ன அக்கா சத்தம்? எங்க?"

ஒரு காது போனால் பாதிச் சத்தம்தான் குறையும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே தெரியாமல் போகும். வேறு ஊரில் அது ஒரு சின்னக் குறை. எங்கள் ஊரில் சூடு எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே ஓடுவது என்று தெரியும்.

கொஞ்ச நாள் கழித்துச் சந்தைப் பக்கம் கைக்குண்டு விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் லொறியிலிருந்து கதிரை இறக்கிக்கொண்டிருந்தோம். எல்லோரும் சந்தையை விட்டு இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். தம்பி கதிரையைப் போட்டுவிட்டுச் சந்தையை நோக்கி ஓடினான். முழு வேகத்தில், தப்பி ஓடுகிறவனின் முகத்தோடு ஓடினான். நான் பின்னால் கத்தினேன். என் குரல் எங்கிருந்து வருகிறது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. துரத்திப் பிடித்து, சேட்டின் பின் கழுத்தில் பிடித்து இழுத்து நிலத்தில் விழுத்தி, அவன் மேல் படுத்துக்கொண்டேன். இரண்டாவது குண்டு வெடித்தது. அவன் எனக்குக் கீழே கிடந்துகொண்டு, "எந்தப் பக்கம் அக்கா? எந்தப் பக்கம்?" என்று கேட்டான். அவனுடைய நல்ல காது மண்ணோடு அமர்ந்து கிடந்தது. பதில் சொல்லியும் கேட்காது. தலையைப் பிடித்து அமத்திக்கொண்டு கிடந்தேன்.